ஒரு சுற்றுத் தோற்றால் டீவியில் வரலாம்

நடப்பதற்குப் பதக்கம் தருகிறார்கள் என்பதை அம்மா வெகுநாள் நம்பவில்லை. இலங்கையில், ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர் அவர். விடிவதற்கு முன் கத்தியும் வாளியுமாக மலையேறி, மரத்துக்கு மரம் நடந்து பட்டையைச் சீவிவிட்டு, பிறகு அதே மரங்களுக்கெல்லாம் மறுபடி நடந்து, சிரட்டைகளில் இறங்கிய பாலைச் சேர்த்துக்கொண்டு வருகிறவர். நான் மாகாணப் போட்டியில் வேக நடையில் முதலாவதாக வந்து, பதக்கத்தோடு எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குள் நுழைந்தபோது அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நடந்ததுக்கா குடுத்தாங்க?" என்றார். ஆமாம் என்றேன். அப்படியென்றால் இந்தத் தோட்டத்தில் ஆளுக்கொரு சாக்குப் பதக்கம் தரவேண்டும் என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

நானும் ஆசைப்பட்டு நடையில் சேர்ந்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓடத்தான் பெயர் கொடுத்தேன். ஓட நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள், நடக்க ஒருத்தியும் இல்லை. உடற்பயிற்சி ஆசிரியர் என் கால்களைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார், பிறகு என்னை நடைக்குப் போட்டார்.

வேக நடையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கவேண்டும். முன்னே வைக்கிற கால் முட்டி மடியாமல் இறங்கவேண்டும். இந்த இரண்டையும் காப்பாற்றிக்கொண்டு வேகமாகவும் போகவேண்டுமென்றால், மிச்சமிருக்கிற ஒரே உறுப்பு இடுப்புதான். அது இடமும் வலமுமாக ஆடியே தீரும். தோட்டத்து ரோட்டில் நான் பழகத் தொடங்கிய முதல் வாரமே, பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் குடத்தை வைத்துவிட்டு என் பின்னால் அதே மாதிரி நடந்து காட்டினார்கள். அவர்களில் ஒருத்தி என்னைவிட நன்றாகவே நடந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று அம்மா வேலை முடிந்து அந்தப் பக்கமாக வந்தார். பெண்கள் சிரிப்பதையும் நான் ஆடி ஆடிப் போவதையும் சேர்த்துப் பார்த்தார். வீட்டுக்கு வந்தபிறகு, இனிமேல் மலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பழகு என்றார். எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வலித்தது. அதன்பிறகு எத்தனையோ ஊர்களில் நடந்தேன், ஒன்றைக்கூட அம்மா வந்து பார்த்ததில்லை. ஒரு நாளாவது நான் நடப்பதை அவர் முழுசாகப் பார்க்கவேண்டும், பார்த்துவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்ற ஒரே ஆசைதான் எனக்கு இருந்தது.

அந்த ஆசையோடுதான் பல நாடுகள் கூடும் அந்தப் பெரிய விளையாட்டு விழாவுக்குப் போனேன். எங்கள் நாட்டிலிருந்து போன நடைக்காரி நான் ஒருத்தி மட்டும். புறப்படுகிற அன்று அம்மா கருவாட்டுச் சம்பல் போத்தலைத் துணிக்குள் சுற்றி வைத்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாக, "டீவியில காட்டுவாங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டாயம் காட்டுவார்கள் என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

தொடக்க விழாவில் அணிவகுத்துப் போனோம். பெரிய நாடுகள் போகும்போது முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள், நடுவில் ஒருவர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துகூடச் சேர்ந்துகொள்ளலாம். நாங்கள் நுழைந்தோம், கையைத் தூக்கினோம், அதற்குள் அடுத்த நாட்டின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். ஊரில் டீவி பார்த்த தம்பிக்குப் போன் போட்டேன். "ஒன்னைய காட்டலக்கா. ஒனக்கு முன்னால நின்னாரே, அவரு முதுகக் காட்டுனாங்க" என்றான். எனக்கு முன்னால் நின்றவர் பாரம் தூக்குகிற அண்ணன். அந்த முதுகுக்குப் பின்னால் எங்கள் லயத்தையே மறைத்துவிடலாம்.

அந்த அண்ணனைச் சம்பல்தான் எனக்குப் பழக்கமாக்கியது. சாப்பாட்டுக்கூடத்தில் உலகத்துச் சாப்பாடெல்லாம் இருந்தது, ஒன்றிலும் உறைப்பு இல்லை. நான் போத்தலைத் திறந்ததும் வாசம் பிடித்துக்கொண்டு நம்மவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். "நங்கி, டிக்கக் தென்ன" என்று சிங்களத்தில் கொஞ்சம் கேட்டார் அண்ணன். தங்கச்சி என்று கூப்பிடுகிறவருக்கு எப்படி இல்லையென்பது? அவருடைய கொஞ்சம் பாதிப் போத்தல். நடைக்குப் பழக்குகிற மிஸ் வந்து பார்த்துவிட்டு, போட்டிக்கு முதல்நாள் இதைத் தொட்டால் பாதி வழியில் கக்கூஸ் தேடவேண்டிவரும் என்று போத்தலைப் பிடுங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை அவர் பாண் ரொட்டியில் அதைத் தடவிச் சாப்பிட்டதை நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

இதற்கிடையில் ஊரில் தம்பி எல்லா ஏற்பாடும் செய்திருந்தான். நடைப் போட்டியை நம் டீவியில் எவரும் போடப்போவதில்லை. அதனால் அவனுடைய போனில் இன்டர்நெட் வழியாக எடுத்து, பென்ஷன் வாங்கிய கங்காணி மாமா வீட்டுப் பெரிய டீவியில் இணைத்துக் காட்டுவதாகத் திட்டம். போட்டி தொடங்குகிற நேரம் ஊரில் பெரட்டு நேரம். அதாவது வேலைக்குப் போகிறவர்கள் களத்தில் கூடி, கங்காணி ஆளெண்ணி மலைக்கு அனுப்புகிற நேரம். எனக்காக எங்கள் லயத்து ஆட்கள் அன்று பேர் போடப் போவதில்லை, ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும் என்று தீர்மானித்துவிட்டார்களாம். காரணமில்லாமல் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை அம்மா. அவரும் வருகிறேன் என்று சொன்னதாகத் தம்பி சொன்னபோது எனக்குத் தூக்கமே வரவில்லை.

விடிந்தது. கோட்டுக்குப் பின்னால் வரிசையாக வந்து நின்றோம். அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு மழைக்கு ஒரே அர்த்தம்தான். பட்டை நனைந்தால் கத்தி வைக்கக்கூடாது. வைத்தால் பாலும் தண்ணீரும் கலந்து மரத்தோடு வழிந்து வீணாகிவிடும். அதனால் மழை விழுந்தால் பால்வெட்டு இல்லை. கங்காணி வானத்தைப் பார்த்துக் கையை ஒரு அசைப்பு அசைப்பார், சனம் கலைந்துவிடும். அந்தக் கோட்டில் நின்றபோது எனக்கும் உள்ளுக்குள் ஒரு நிமிஷம் அப்பாடா என்றிருந்தது, யாராவது கையை அசைக்கிறார்களா என்றுகூடப் பார்த்தேன். ஒருத்தரும் அசைக்கவில்லை. தொடங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு எங்களை அப்படியே நனையவிட்டார்கள், பிறகு வெடியைப் போட்டார்கள்.

இருபது கிலோமீட்டர். ஒரே ரோட்டில் போவதும் திரும்புவதுமாகச் சுற்றிச் சுற்றி வரவேண்டும். பெரிய நாட்டுப் பிள்ளைகள் வெடிச் சத்தம் அடங்குவதற்குள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். கமரா வைத்த வண்டியும் அவர்களோடேயே போய்விட்டது. நானும் பெயர் கேள்விப்படாத ஒரு தீவிலிருந்து வந்த பெண்ணும் பின்னால் துணைக்குத் துணையாக நடந்தோம். அம்மா காலையிலிருந்து டீவி முன்னால் உட்கார்ந்திருப்பார், முன்னால் போகிற முகங்களையே பார்த்துக்கொண்டு, என் முகம் எப்போது வரும் என்று காத்திருப்பார்.

அப்போது பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. திரும்பினால், முன்னால் போன கூட்டம் என்னைவிட ஒரு சுற்று கூடுதலாக முடித்து என்னைத் தாண்ட வருகிறது. வண்டியும் கமராவும் கூடவே வருகின்றன. எனக்கு மூளையில் மின்னல் அடித்தது. தங்கம் வாங்கப்போகிறவளோடு சேர்ந்து டீவியில் வருவதற்குச் சுலபமான வழி, அவளிடம் ஒரு சுற்றுத் தோற்பதுதான். சட்டென்று ஈர முடியை ஒதுக்கிவிட்டு, முகத்தைக் கொஞ்சம் மலர்த்தி வைத்துக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி நிமிர்ந்து நடந்தேன். பெருமைக்காரி மாதிரி நடந்ததில் முட்டி மடிந்துவிட்டது போலிருக்கிறது, நடுவர் ஒருவர் மஞ்சள் பலகையை நீட்டி எச்சரித்தார். பக்கத்தில் வந்த தீவுப் பெண் சிரித்துவிட்டாள்.

அவர்கள் இன்னொரு தடவையும் தாண்டினார்கள். அதன்பிறகு முன்னால் போனவர்களுக்குப் போட்டி முடிந்துவிட்டது, எங்களுக்கு முடியவில்லை. என் பெயரில் சிவப்பு அட்டை விழத் தொடங்கியிருந்தது. இன்னும் விழுந்தால் வெளியே போ என்று சொல்லிவிடுவார்கள். வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்தேன். நான் கோட்டைத் தாண்டியபோது ஒரு பக்கம் தடுப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் வந்தவள் தீவுப் பெண் மட்டும். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு, ஏதோ வென்றவர்கள்போலக் கொஞ்சம் அழுதோம்.

அன்று சாயங்காலம்தான் தம்பியைப் போனில் பிடிக்க முடிந்தது. பார்த்தீர்களா என்று கேட்டேன். அப்போதுதான் வீட்டுக்கு வந்து போனை எடுத்த அவன் திரும்ப, "மழதானேக்கா. நாளைக்குத்தானே வப்பாங்க?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன் விளக்கிச் சொன்னபோது புரிந்தது. எல்லாரும் மாமா வீட்டில் நிறைந்திருந்தார்களாம். பிளேன்டீ கொடுத்து முடிவதற்குள் டீவியில் மழை கொட்டியிருக்கிறது. மாமா எழுந்து கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். நாங்கள் நின்ற ரோடு நனைந்துவிட்டது, இன்று இல்லை என்று கையை அசைத்திருக்கிறார். வேலையை விட்டுப் பென்ஷன் வாங்கினாலும் அவருடைய கைக்கு அந்த மரியாதை போகவில்லை. சனம் ஒரு கேள்வி கேட்காமல் எழுந்து, பெரட்டு இன்னும் முடியவில்லை, ஒரு நாள் சம்பளத்தை ஏன் விடவேண்டும் என்று கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டது. அங்கே நல்ல வெயிலாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. உலகத்தில் எங்கேயாவது நடைக்குப் பால்வெட்டுச் சட்டம் உண்டா என்று தம்பியிடம் கத்தினேன். இருபது கிலோமீட்டரும் யாருக்காக நிமிர்ந்து நடந்தேன் என்று கேட்டேன். இடையில் நான் கூப்பிட்டபோது ஏன் போனைத் தூக்கவில்லை என்றும் கத்தினேன்.

"போன் எங்கிட்ட எங்கக்கா இருந்துச்சு? டீவியிலருந்து கழத்தி அம்மா குடுக்க மாட்டேன்னுட்டாங்க. போன் இல்லாமத்தான் வேலைக்குப் போனேன்" என்றான்.

பிறகு அம்மாவிடம் கொடுத்தான். எல்லாரும் போனபிறகு நீங்கள் மட்டும் ஏன் உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டேன். அம்மாவுக்குப் போனில் பேசும்போது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களோடு பேசுகிற குரல்.

"வேல இல்லன்னா ஆளுக கலஞ்சிருவாங்கல்ல? நீங்க யாருமே கலையல. மழயில அப்புடியே வரிசையா நின்னீங்க. அப்ப எப்புடி எந்திரிக்கிறது?"

அவரே பேசினார். இரண்டு தடவை என்னைக் காட்டினார்களாம். பின்னால் வந்த பிள்ளைகளுக்கு நான் ஒதுங்கி வழிவிட்டது நல்ல காரியமாம். ஒருத்தர் ஏதோ பலகையைக் காட்டி என்னை மிரட்டினாராம், அந்த ஆளை அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு, "வெள்ளக்காரிகளும் ஒன்னைய மாதிரியேதான் இடுப்ப ஆட்டி நடக்குறாளுக. அதுதான் அந்த நடையாக்கும்" என்றார்.

ஆமாம்மா, அதுதான் அந்த நடை என்றேன். அழுகிறேன் என்று தெரியக்கூடாது என்பதற்காக வாயைப் பொத்திக்கொண்டேன்.

"கடைசிய காட்டலயே. ஜெயிச்ச பிள்ள கொடிய போத்திக்கிட்டதோட நிப்பாட்டிட்டாங்க. நான் இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீ முடிச்சியா?"

"முடிச்சேம்மா."

"அப்ப சரி. போயி மொதல்ல தலையத் தொவட்டு" என்றார்.

தலை மத்தியானமே காய்ந்துவிட்டது. நான் துண்டை எடுத்துத் துவட்டினேன்.