கூடாரத்துக்கு முழம் போட்ட ஞாயிறு

மிஷனெரி துரை எங்கள் வெள்ளானூர் சபையைப் பார்வையிட வந்த ஞாயிறன்று, வேதத்தில் முழக்கணக்கோடு சொல்லியிருக்கும் ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றிப் பிரசங்கித்தேன். இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நான் அங்கே உபதேசியாராகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. துரை அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்ததால் மூன்று தலைப்புகளில் இரண்டோடு முடித்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்ததும் துரை வாலிபர்களில் சிலரை நிற்கவைத்து, "இன்று என்ன கேட்டீர்கள்?" என்றார். சாலமோன் என்ற பையன் மடமடவென்று ஒப்பித்தான். முதலாவது பலகைகள், இரண்டாவது திரைகள், மூன்றாவது குத்துவிளக்கு. குத்துவிளக்கை நான் தொடவே இல்லை.

துரைக்குத் தமிழ் நன்றாக வரும், அதுதான் வம்பு. "மூன்றாவதை எங்கே கேட்டாய்?" என்றார்.

"போன வருசம், தொரை. வருசாவருசம் மழைக்கு முன்னாடி கூடாரம் வந்துடும். எல்லாம் மனப்பாடம். அதான் வசனம் படிச்சதும் வெளிய போய்க் குந்திகினு, கடைசிப் பாட்டுக்கு உள்ள வந்துடுவோம்."

ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. அந்தப் பிரசங்க நோட்டை எழுத நான் பட்ட பாடு இவனுக்கு என்ன தெரியும்? இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பீடியும் சினிமாவும்தான் வேதம் என்று துரையிடம் புலம்ப ஆரம்பித்தேன்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஞானமுத்து எழுந்தான். வாலிபர்களில் அவன் ஒருவன்தான் மூன்று வாரமாக வெளியே போகாமல் உட்கார்ந்திருந்தவன். அது என் பிரசங்கத்தின் பலன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"தொரை, நான் பட்டாளத்துக்குப் பேர் குட்த்துட்டேன். நாளைக்குக் காலைல ரயிலு. சாவுக்குப் பயமா கீது. அதப்பத்தி எதுனா சொல்வாருன்னு மூணு வாரமா குந்திகினு கீறேன். இவரு கூடாரத்துக்கு முழம் போட்டுகினு கீறாரு."

துரை தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தாலாவது தேவலை.

மறுநாள் காலை பட்டாபிராம் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஞானமுத்து டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். "தம்பி, முதலாவதாக..." என்று வாய் தானாகவே தொடங்கியது.

"தலப்பு வேணாங்கய்யா."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. "எனக்கும் பயம்தான்டா. என் பெண்சாதி உயிர் போனபோது ஒரு வசனம்கூட எனக்கு ஞாபகம் வரல. கையைப் புடிச்சுகினு, ஆண்டவரே கூட இருன்னு மட்டும் சொன்னேன். அதுக்குமேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவன் என்னையே பார்த்தான். "இத்த கோயில்ல சொல்லியிருந்தா, வெளிய குந்தினவனுங்களும் உள்ள வந்திருப்பானுங்களே" என்றான். ரயில் வந்துவிட்டது.

வாலிபர்கள் கோயிலில் தங்குவதில்லை என்று இளம் உபதேசியார்கள் இப்போது என்னிடம் வந்து மூக்கால் அழுகிறார்கள். கேட்டாலே எரிச்சல் வருகிறது. சனிக்கிழமை நோட்டை மூடிவிட்டு நாலு வீட்டுக்குப் போய், மனசில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள் ஐயா. ஐந்து வருஷமாக எனக்கு அது தோன்றவில்லை. ஞானமுத்துவிடம் உருப்படியாக நான் பேசியது அந்தக் காலையில் மட்டும்தான். அவன் திரும்பி வரவில்லை.