பஞ்சடைத்த மின்விசிறி

எண்பதுகளின் கடைசியில், போடியில் அண்ணன் வீட்டில் உட்கார்ந்துதான் என் ஆய்வேட்டை அடித்து முடித்தேன். ஏலச் செடியின் இலையில் மஞ்சள் கோடு இழுக்கும் நோயைப் பற்றியது. மூன்று வருட உழைப்பு. அண்ணன் சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வாங்கி வந்திருந்தார். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. மறுநாள் காலை மதுரையில் பேராசிரியரிடம் கொடுத்தாக வேண்டும். கொடுத்த கையோடு அவர் வெளிநாடு கிளம்புகிறார்.

அன்றைக்குப் பார்த்து கம்ப்யூட்டர் படுத்தியது. அடித்துக்கொண்டே இருக்கும்போது திரை அப்படியே நின்றுவிடும். எந்த விசைக்கும் அசையாது. அணைத்துவிட்டுப் போட்டால், கடைசியாகச் சேமித்ததற்குப் பின் அடித்ததெல்லாம் போயிருக்கும். பிளாப்பியை மாற்றிப் பார்த்தேன். கரண்டு குறைகிறதோ என்று ஸ்டெபிலைசரைப் பார்த்தேன். முள் சரியாகத்தான் நின்றது. அண்ணனோ போடிமெட்டுக்கு மேலே தோட்டத்தில் இருந்தார். "என்ன ஆனாலும் பெட்டியத் தொறந்துறாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

நான்காவது முறை நின்றபோது அழுதுவிட்டேன். மதினி அடுப்படியிலிருந்து வந்து பெட்டியின் மேல் கை வைத்தார்.

"ஏத்தா, தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. காலையில அரை மணி நேரம் ஓடுச்சு, இப்ப பத்து நிமிசம் தாங்கல. சூடுதான் காரணம். தொறப்போம்."

"வேணாம் மதினி. அண்ணே வைவாரு."

"அவருகிட்ட நான் பேசிக்கிறேன். பிளக்கப் பிடுங்கு."

தையல் மிஷின் திருப்புளியால் மூடியைக் கழற்றினார். பின்பக்க மின்விசிறியில் வெள்ளை வெள்ளையாக அடைந்து கிடந்தது. எல்லாம் இலவம்பஞ்சு. பின் தெருவில் பஞ்சு அடிக்கிற கொட்டகை; கோடையில் ஜன்னலைத் திறந்தால் அறை முழுக்கப் பறக்கும். கொண்டை ஊசியால் நூல் நூலாக இழுத்தெடுத்தோம். மூடியைத் திரும்பப் பூட்டும்போது என் கை தவறி, ஒரு திருகாணி உள்ளே விழுந்துவிட்டது.

அது எங்காவது சிக்கியிருக்கும்போது கரண்டைக் கொடுத்தால் உள்ளேயிருப்பதெல்லாம் கருகிப்போகும். மூடியை மறுபடி எடுத்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கி, பெட்டியை மெல்லச் சாய்த்தோம். ஒன்றும் விழவில்லை. இன்னும் சாய்த்தோம். டிக்கென்று தரையில் விழுந்து உருண்டது.

சுவிட்சைப் போட்டபோது மதினி என் தோளைப் பிடித்துக்கொண்டார். விசிறி சுற்றியது. பத்து நிமிடம் போனது, இருபது போனது. திரை நிற்கவில்லை. பத்தி முடிய முடியச் சேமித்துக்கொண்டே அடித்தேன்.

சாயங்காலம் பிரிண்டர் கடைசிப் பக்கங்களை இழுத்துக்கொண்டிருந்தபோது அண்ணனின் ஜீப் வந்து நின்றது. மேஜையில் கிடந்த திருப்புளியையும் பஞ்சுக் குவியலையும் பார்த்தார்.

"யாரு தொறந்தது?"

"நான்தான்" என்றார் மதினி. "அவ வேணாம்னுதான் சொன்னா."

அண்ணன் குனிந்து விசிறியின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என்னிடம், "தாள எடுத்துக்கிட்டு வெரசா கெளம்பு. பஸ்சுக்கு ஜீப்புல விடுறேன்" என்றார்.