மகள் பிடித்த நோன்பு

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைச் சொல்லிக்கொடுத்தவள் என் மனைவி. நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். சாய்ந்தமருதுக் கடற்கரையில் வேலை முடித்து, கையில் மண்ணெண்ணெய் மணக்க வீட்டுக்கு வரும்போது சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்துகொண்டிருக்கும். மகளும் மகனும் பாயில் முழந்தாளிட்டிருப்பார்கள். நான் பின்னால் கதிரையில் இருந்து வாயை அசைத்துக்கொண்டிருப்பேன். அது அவளுடைய வேலை என்று நினைத்திருந்தேன்.

அவள் சொறிக்கல்முனையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். விதைப்புக்கும் செபம், வெட்டுக்கும் செபம் என்று வளர்ந்தவள். ஆண்டவரிடம் ஒன்றைக் கேட்டால் நம் பங்குக்கு ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும், அதற்குப் பெயர்தான் ஒறுத்தல் என்று பிள்ளைகளுக்குச் சொல்வாள். தவக்காலத்தில் மகள் இனிப்புத் தொடமாட்டாள். சின்னவனும் டொபி வேண்டாம் என்பான். மத்தியானத்துக்குள் அழுது வாங்கிவிடுவான். அதைச் சொல்லிச் சிரிப்போம்.

பிறகு அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. கொழும்பில் வெட்டிப் பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், விரும்பியதைக் கொடுங்கள் என்று டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பிள்ளைகளிடம் அதைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்குச் சுகம் கேட்டுச் செபியுங்கள் என்று மட்டும் சொன்னோம்.

அந்த வருடம் தவக்காலமும் முஸ்லிம்களின் நோன்பு மாதமும் ஒன்றாக வந்தன. மகள் படித்தது எல்லாரும் கலந்து படிக்கிற பள்ளிக்கூடம். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் நோன்பு. ஒரு நாள் பத்து மணிபோல அவளுடைய வகுப்பு ரீச்சர் ஓட்டோவில் வந்து இறங்கினார். மகள் அவர் தோளில் சாய்ந்திருந்தாள். அவரும் நோன்பாளிதான், உதடு காய்ந்திருந்தது. பிள்ளை வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டாள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“காலையில இருந்து ஒண்டும் தின்னல்ல. கேட்டா, எங்கட பிள்ளைகளோட சேர்ந்து தானும் நோன்பு எண்டு சொல்றா. உம்மாவுக்குச் சுகம் வரணுமாம்.”

பல நாட்களாக அப்படித்தான் நடந்திருக்கிறது. நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டைப் பள்ளிக்கூடத்தில் வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறாள். மற்றப் பிள்ளைகள் விடியமுன் எழும்பிச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள். இவளுக்கு அது தெரியாது. வெறும் வயிற்றோடு தொடங்கி, இரவுச் செபம் முடிந்த பிறகுதான் சாப்பிட்டிருக்கிறாள்.

மனைவி கட்டிலில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள். ரீச்சர் போனதும் மகளைக் கூப்பிட்டு அருகில் இருத்தினாள். நான் கதவடியில் நின்றேன். எழும்பி உட்கார அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

“மகள், நான் சொல்றதை நல்லாக் கேளு. அம்மா சாகப்போறன். நீ கேட்டது குறைஞ்சு போனதால இல்ல. நீ பட்டினி கிடந்தாலும் சாவன், கிடக்காட்டியும் சாவன்.”

மகள் அழவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அப்ப ஏன் கேக்கச் சொன்னீங்க?”

அத்தனை வருடம் மளமளவென்று வேதம் சொல்லிக்கொடுத்தவள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“கேக்காம இருக்க எனக்கு ஏலாது, மகள். அதுதான் சொன்னன்.”

தனக்கென்று வைத்திருந்த கஞ்சியை எடுத்து மகளுக்குத் தன் கையாலேயே பருக்கினாள். மகள் கடைசிவரை குடித்தாள்.

தவக்காலத்தின் கடைசிக் கிழமையில், குருத்து ஞாயிறுக்கு அடுத்த நாள் காலையில் மனைவி இறந்துபோனாள். நான் எஞ்சின் திருத்திக்கொடுக்கிற படகுக்காரர்கள் வந்து முற்றத்தில் நிழலுக்குத் தறப்பாள் கட்டினார்கள். அவர்களுக்கு நோன்பு, பகல் முழுவதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் கதிரை சுமந்தார்கள். பெட்டியை மூடுவதற்குக் கொஞ்சம் முன்பு மகள் என் சாரத்தைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்தேன்.

“அண்டைக்கு நான் கஞ்சி குடிச்சதாலயா அப்பா?”

இல்லை என்றேன். அவளுடைய அம்மா சொன்னதையே திரும்பச் சொன்னேன். அந்தச் சொற்கள் என் வாயில் இருந்து வந்தபோது அவற்றுக்குப் பாரமில்லை. பன்னிரண்டு வருடம் பின்னால் கதிரையில் இருந்தவன் சொல்லி ஒரு பிள்ளை எப்படி நம்பும்?

அடக்கம் முடிந்த கிழமையே நான் முன்னால் வர வேண்டியிருந்தது. சின்னவன்தான் மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு வந்து, இனி யார் சொல்வது என்று கேட்டான். செபப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் தொடங்கினேன். அவன் என் பின்னால் சொன்னான். மகள் பாயில் வந்து இருந்தாள். முழந்தாளிடவில்லை, வாய் திறக்கவில்லை. கோயிலிலும் அப்படியே. கண்டித்துத் திருத்துங்கள், இல்லாவிட்டால் கைவிட்டுப் போய்விடும் என்று மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறவர் என்னிடம் சொன்னார். எங்கள் கோயில் பங்குச் சுவாமியோ, விட்டுவிடுங்கள் என்றார். நான் விட்டுவிட்டேன். விட்டது சரியா என்று இன்றைக்கும் தெரியாது.

ஒரு மாரிகாலத்தில் சின்னவனுக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. டெங்கு ஊரெல்லாம் பரவியிருந்த நேரம். நான் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது மகள் அவனுடைய நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்காகச் செபி அக்கா என்று அவன் முனகினான்.

“எனக்கு வருதில்லடா தம்பி. நீ சொல்லு. நான் பக்கத்தில இரிக்கன்.”

அவன் சொன்னான். நடுவில் ஒரு சொல் மறந்து நின்றான். அவள் துணியைப் பிழிந்துகொண்டே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தாள். அவன் மிச்சத்தைச் சொல்லி முடித்துவிட்டுத் தூங்கினான்.

காய்ச்சல் மாறியது. அதற்குப் பிறகும் செப நேரத்தில் அவள் வாய் திறப்பதில்லை. நான் கூப்பிடாமலே பாயில் வந்து இருக்கிறாள், முடிந்ததும் எழும்பிப் படிக்கப் போகிறாள்.