விதைக்கு விட்ட பூசணி

அக்கா புருஷன் இரும்புக் கம்பியோடு மொட்டை மாடிக்குப் போனது செடிகளை அடிக்க. சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு இன்றும் சிரிப்பு வரவில்லை. புத்தூரில் அந்த வாடகை வீட்டு மாடியில் அக்கா பெயிண்ட் வாளிகளில் கத்தரி, வெண்டையோடு சிறகவரை, தம்பட்டை அவரை, மூக்குத்தி அவரை என்று கடையில் கிடைக்காததையெல்லாம் விதை தேடி வளர்த்திருந்தாள். அன்று செடிக்குத் தண்ணீர் ஊற்றியதில் சாப்பாடு தாமதமாகிவிட்டது. அவ்வளவுதான். அந்த ஆள் வாளிகளை அடித்து நொறுக்கி, கொடிகளை வேரோடு பிடுங்கித் தெருவில் எறிந்தான். தடுக்கப் போன அக்காவின் காது கிழிந்தது.

ரத்தம் காயாத புடவையோடு டவுன் பஸ் ஏறி, திருவெறும்பூரில் என் வீட்டுக்கு வந்தாள். கையில் பர்ஸ் மட்டும். அதற்குள் ஒரு காகித மடிப்பில் கொஞ்சம் பூசணி விதை. என்னோடு இருக்கும் அம்மா அவள் காதில் மஞ்சள் வைத்துக்கொண்டே, "கொஞ்சம் அனுசரிச்சுப் போகக் கூடாதாடி?" என்றாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். மஞ்சள் கிண்ணத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அந்தக் கறை இன்னும் போகவில்லை.

அக்கா விதைகளை ஊறவைத்து வாசல் ஓரம் ஊன்றினாள். ஒன்றுதான் முளைத்தது. அதுவோ எமகாதகக் கொடி; சொரசொரவென்று தகரக் கூரை முழுக்கப் படர்ந்தது. எங்கள் தெருவில் தேனீ ஏது? அக்காவே காலையில் ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சு இருக்கும் பூவில் தடவுவாள். காய்த்ததையெல்லாம் மோர்க்குழம்பு வைத்தோம். ஒன்றை மட்டும் விதைக்கு விட்டாள்.

"இது முத்தட்டும். விதையை எடுத்துக்கிட்டு, மாடி வச்ச வீடா ஒண்ணு பார்த்துத் தனியாப் போயிடுறேன். அங்க திரும்பிப் போகமாட்டேன்" என்றாள்.

காய் வெள்ளைப் பொடி பூத்து முற்றியது. பூஜை கழித்துப் பறிக்கலாம் என்றிருந்தாள். ஆயுத பூஜையன்று பைக்குக்கு மாலை போட்டுக்கொண்டு அக்கா புருஷன் வந்து நின்றான்.

"நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். கோவிச்சுக்காம கிளம்புடி" என்றாள் அம்மா.

அக்கா உள்ளே போய்ப் புடவைகளைப் பையில் வைத்தாள். திரும்பிப் போகமாட்டேன் என்றவள்தான்.

வாசலில் அவன் கூரையை அண்ணாந்து பார்த்தான். "அட, இவ்ளோ பெரிய காயா! வண்டிக்குத் திருஷ்டி சுத்த இதுவே போதும்."

"ஐயோ, அது விதைக்கு விட்டதுங்க!" என்று நான் ஓடுவதற்குள் எட்டிக் காம்பைத் திருகி அறுத்துவிட்டான்.

"பூசணிக்கா தான? மார்க்கெட்ல மலை மாதிரி குவிச்சு வச்சிருக்கான்" என்றபடி, காயில் துளை போட்டுக் குங்குமத்தைக் கொட்டினான்.

பையோடு வந்த அக்கா அதைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். "குடுங்க, நான் சுத்துறேன்."

"பொம்பளைங்க பூசணிக்கா உடைக்கக் கூடாதுடி!" அம்மா அலறினாள்.

அக்கா அவனையும் பைக்கையும் சேர்த்துச் சுற்றினாள். காயைத் தலைக்கு மேல் தூக்கி, ஹெட்லைட்டில் போட்டாள் ஒரு போடு! கண்ணாடியும் காயும் சிதறின. அவன் முகமெல்லாம் குங்குமச் சாறு. கெட்ட வார்த்தையோடு கையை ஓங்கினான்.

பூஜைக்கு வைத்த ஆயுதத்தை அன்று எடுக்கக் கூடாது. நான் எடுத்தேன். சந்தனப் பொட்டு வைத்த தேங்காய் அரிவாள். "அவ மேல கை பட்டுது, மணிக்கட்டோட எடுத்துடுவேன்." சும்மா மிரட்டவில்லை; எடுத்திருப்பேன்.

என் முகத்தைப் பார்த்தான். ஓங்கிய கை இறங்கியது. வண்டியைத் திருப்பினான்.

அக்கா ரோட்டில் குந்தி, கண்ணாடித் தூளுக்கு நடுவே விதைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விரலில் வழிந்தது குங்குமமா ரத்தமா தெரியவில்லை.

அம்மா பழக்க தோஷத்தில், "போயிட்டு வாங்க மாப்ள" என்றாள்.

அக்கா தலை நிமிரவில்லை.

"வர வேணாம்" என்றாள். "போகச் சொல்லு."