ஓட்டையை மறைத்துக் கல்யாணம்

பள்ளிக்கூடத்தில் ஓட முடியாமல் நின்ற நாளிலிருந்து எனக்குச் சோம்பேறி என்றே பெயர். கல்யாணமாகிப் போடிக்கு வந்து, குரங்கணிக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போனபோதும் அது விடவில்லை. ஜீப்பு இறக்கிவிடும் இடத்திலிருந்து ஏற்றம், நான்தான் கடைசி. காய் செடியின் தூரில் இருக்கும். குனிந்தால் மூச்சு முட்டும். "ஆத்தா, காய் எடுக்க வந்தியா, காத்து வாங்க வந்தியா?" என்பார் கங்காணி. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன், வெட்கங்கெட்டவள்.

டாக்டர்களும் சளைத்தவர்கள் இல்லை. ரத்தம் பத்தாது என்று வருஷக்கணக்கில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். நாற்பத்தொரு வயதில் தோட்டத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே பிறவியிலேயே ஓட்டை; நுரையீரலிலிருந்து வரும் ரத்தக்குழாய் ஒன்றும் இடம் மாறிச் சேர்ந்திருந்தது. அபூர்வமான வகை, ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று. "இத மறைச்சுத்தான் உன்னைய எனக்குக் கட்டி வச்சாகளா?"

எனக்கே தெரியாததை என்னைப் பெற்றவர்கள் எந்தப் பானைக்குள் ஒளித்து வைத்தார்களாம்?

மாமியார் அதற்கும் மேலே போனார். அப்போது மகளுக்கு ராசிங்காபுரத்தில் சம்பந்தம் பேசியிருந்தோம். "தாயிக்கு இருந்தா பிள்ளைக்கும் இருக்கும்பாக. கல்யாணம் முடியட்டும், பெறகு ஆபரேசன் பாத்துக்கிருவோம்." கல்யாணம் தை மாதம். அதுவரை நான் இருப்பேனா என்று ஒரு வாய் கேட்கவில்லை. மகள் வாழ்க்கையாயிற்றே என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வந்தார்கள். காப்பித் தட்டோடு நின்ற என்னைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா, "ஏன் மதினி இப்பிடி மூச்சு எளைக்குது?" என்று அக்கறையாகத்தான் கேட்டார்.

"அவளுக்கு வேலைன்னாலே அப்பிடித்தான்" என்றார் மாமியார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நெஞ்சுல ஓட்டை மதினி. பெறக்கும்போதே இருந்திருக்கு, இப்பத்தான் தெரிஞ்சுச்சு. ஒடனே ஆபரேசன் பண்ணச் சொன்னாக. ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு தள்ளிப் போட்டிருக்காக."

கொண்டுவந்த பூத்தட்டோடு எழுந்து போனார்கள். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மகள் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்று மாமியார் தெருவுக்கே கேட்கும்படி அழுதார்.

மறுநாள் காலையில் மகள் என் சேலைகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "கெளம்பும்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஒன்னையச் சாகவிட்டுத்தான் எனக்குக் கல்யாணம் நடக்கணுமா?"

ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போட்டது அவள்தான்.