பரணில் ஆறு துளைகள்

இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இது நடந்தது 2019 ஜனவரி பதினேழு, வியாழக்கிழமை, பட்டப்பகலில். எங்கள் வீட்டுப் பரணிலேயே நடந்தது.

கனடாவில், மானிட்டோபா மாநிலத்தில் ஒரு பழைய மரவீட்டை வாங்கி அக்டோபரில் குடிவந்தோம். நான், மனைவி லிடியா, ஏழு மாதக் குழந்தை ஜோயல். வந்த மறுநாளே பிள்ளைக்கு இழுப்பு பிடித்துக்கொண்டது. நெஞ்சுக்குள் ரம்பம் அறுப்பதுபோல் சத்தம். மூன்று டாக்டர்கள் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாததற்கா உதடு நீலம் பாரிக்கும்? பிள்ளை கையைவிட்டுப் போய்விடுவானோ என்று இரவெல்லாம் தொட்டிலருகே உட்கார்ந்திருந்தேன்.

லிடியாவின் அண்ணன் கார்னி கூரை வேலை செய்பவர். போனில் சொன்னார்:

"பரண்ல ஈரம் கட்டிப் பூஞ்சை புடிச்சிருக்கும். அதான் புள்ளைக்கு ஒத்துக்கல. கூரை ஓரத்துல காத்துக்கு ஓட்டை விட்டிருப்பாங்க. குளிருக்குப் பயந்து எவனாவது துணியைத் திணிச்சிருப்பான். வீடும் மூச்சு விடணும் மாப்ள. ஏறிப் பாரு."

"நீங்களே வந்து பாருங்களேன் மச்சான்."

"மைனஸ் முப்பத்தொண்ணுலயா? வீடும் உன்னுது, தொப்பையும் உன்னுது. ஏறு."

லிடியா வேலைக்குப் போயிருந்தாள். ஜோயல் தொட்டிலில் தூங்கினான். அவன் சத்தத்தைக் கேட்கிற மானிட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். மணி 3:05. கர்ர்... கர்ர்... என்று இழுப்பு பைக்குள் கேட்டுக்கொண்டே வந்தது.

கூரைப் பலகையைத் துளைத்து நீட்டியிருந்த ஆணி முனை ஒவ்வொன்றிலும் உறைபனி. மச்சான் சொன்னது சரிதான். கூரை ஓரத்தில் ஆறு துளைகள். ஐந்தில் பழைய கம்பளிச் சட்டைகள் கல்லாக இறுகிக் கிடந்தன. ஆறாவதில் மட்டும் அணில் துணியைக் கடித்து, உள்ளங்கை அகலத்துக்கு வழி விட்டிருந்தது.

காற்று ஓடுகிறதா என்று பார்க்க கொண்டுபோன மெழுகுவத்தியை ஏற்றி, ஊதி அணைத்து அங்கே பிடித்தேன். புகை வெளியே போனது. உடனே உள்ளே வந்தது. மறுபடி வெளியே. மறுபடி உள்ளே.

காற்று அப்படி அடிக்காது.

கர்ர்... புகை உள்ளே. கர்ர்... புகை வெளியே. பிள்ளையின் மூச்சும் புகையும் ஒன்றாகவே போய் வந்தன.

தற்செயல் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஐந்தாவது துளைத் துணியை எட்டிப் பிடிக்கச் சாய்ந்தேன். என் தோள் ஆறாவது துளையை மூடியது.

மணி 3:22.

பைக்குள் சத்தம் நின்றது.

பேட்டரி போய்விட்டதா? பச்சை விளக்கு எரிந்தது. தோளை எடுத்தேன். கர்ர்...

அப்போதே இறங்கி ஓடியிருக்க வேண்டும். மடையன் நான். துளையை உள்ளங்கையால் மூடினேன். வேண்டுமென்றே.

ஒன்று.

இரண்டு.

மூன்று... ஒரு சத்தமும் இல்லை.

நான்கு...

கையை எடுத்தேன். தண்ணீருக்குள்ளிருந்து தூக்கியதுபோல் ஒரு பெரிய மூச்சு. பிறகு அழுகை.

வெறி பிடித்தவன்போல் துணிகளைப் பிடுங்கினேன். ஒன்று வந்தது. இழுப்பு குறைந்தது. இன்னொன்று. இன்னும் குறைந்தது. நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. கடைசித் துணி வந்ததும் பைக்குள் அழுகை நின்றது. லேசான, சீரான மூச்சு. மணி 3:31.

கீழே ஓடினேன். ஜோயல் கால்களை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அன்றோடு இழுப்பு போயிற்று. பூஞ்சைதான் காரணம் என்றார் மச்சான். நானும் ஆமாம் என்றேன்.

மார்ச் மாதம், வீட்டை எங்களுக்கு விற்ற திருமதி தீசனுக்கு வந்திருந்த கடிதங்களைக் கொடுக்க முதியோர் இல்லத்துக்குப் போனேன். எண்பது வயது. தனிக்கட்டை.

"வீடு கதகதப்பா இருக்கா தம்பி?"

"இருக்கும்மா. ஓட்டையில இருந்த துணியெல்லாம் எடுத்துட்டேன்."

"ஏம்பா எடுத்த? எங்க வீட்டுக்காரர் கை விறைக்க விறைக்க அடைச்சதாச்சே. அறுபத்தொம்பது, பிப்ரவரி நாலு."

"தேதிகூட ஞாபகம் இருக்கே?"

"எப்படி மறக்கும்? ஆறு ஓட்டையையும் அடைச்சுட்டு எறங்கி வந்தாரு. காபி குடுத்தேன். அப்புறம் தொட்டில்ல பார்த்தா..." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மூணு மாசப் புள்ள. காலையிலகூட நல்லாத்தான் வெளையாடினான். அதுக்கப்புறம் எங்களுக்குப் புள்ளையே இல்ல."

பிறகு என் கையைப் பிடித்தார்.

"அம்பது வருசமா யோசிக்கிறேன் தம்பி. எதனால போனான்னு டாக்டருக்கே தெரியல. உனக்கு ஏதாவது தோணுதா?"

"இல்லம்மா," என்றேன்.