ஐந்து புடவை உயரம்

கல்யாண வீடியோக்காரர் கோதண்டபாணி, 2009 தை மாதம், மெட்ராஸிலிருந்து ரிமோட் ஹெலிகாப்டர் ஒன்றை வாங்கி வந்தார். அடியில் சின்ன கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டார். உயரம் காட்டும் வசதி அதில் கிடையாது. சிக்னல் எட்டாத உயரம் போனால் விழுந்துவிடும். ஓரிக்கைப் பாலாற்று மணலில் ஒரு முறை விழுந்தும் விட்டது.

பட்டுத் தறிக்குப் பாவு நூல் சுற்றும் அவர் மனைவி காந்தாதான் வழி சொன்னாள். பட்டு நூலை ஐந்து புடவை நீளத்துக்கு அளந்து அடியில் கட்டி, மறுமுனையை அவர் இடுப்பில் முடிந்தாள். நூல் விறைத்தால் நிறுத்திவிட வேண்டும். அன்றிலிருந்து அவர் உயரத்தைப் புடவையில்தான் சொன்னார்.

காந்தாவின் தம்பி பரமசிவம் மகள் பிரியதர்ஷினிக்கு முருகன் மலைக்கோயிலில் கல்யாணம். "மேலேந்து எடுத்துக் காட்டு மாமா. நல்லா வந்தா வீடியோ உன்து. இல்லாங்காட்டி மெட்ராஸ் பார்ட்டி. நீ பந்தியில குந்திக்கோ" என்றுவிட்டார் பரமசிவம். சொந்த மச்சினன் மகள் கல்யாணத்தில் கேமரா இல்லாமல் பாயசம் குடிப்பதைவிட ஊரைவிட்டே போகலாம் என்று கோதண்டபாணிக்குத் தோன்றியது.

முருகனுக்கு முதல் பத்திரிகை வைக்கப் போன அன்றே பரீட்சை. மொத்தம் நானூற்றிருபது படி. தொப்பையை உத்தேசித்து அவர் அடிவாரத்திலேயே நின்றுகொண்டார். ஹெலிகாப்டர் ஐந்து புடவை ஏறியது, நூல் விறைத்தது. குடும்பம் படியேறியது.

பேட்டரி தீர்ந்து இறக்கியதும், கீழே வந்த பரமசிவம் கேமராவின் குட்டித் திரையில் பார்த்தார். முதலில் எல்லோருடைய உச்சந்தலையும் தெரிந்தது. அவருடைய வழுக்கை தனியாகப் பளபளத்தது. பிறகு ஒவ்வொருவராக மேலே நழுவிப் படத்தைவிட்டே போனார்கள். மிச்சமெல்லாம் காலிப்படி. அதில் ஓர் ஆடு.

"பொண்ணு எங்க மாமா? ஆட்டுக்கா கல்யாணம்?"

"அஞ்சு பொடவ சரியா நிறுத்தனேன்பா. நூலே சாட்சி."

காந்தா தலையில் அடித்துக்கொண்டாள். "அஞ்சு பொடவ நீங்க நிக்கிற எடத்துலேந்துதான? அவங்க மலையேறிக்கினு போறாங்க. மெஷினு அங்கியே நின்னுக்கினு இருக்குது. அவங்க அத்தத் தாண்டிப் பூட்டாங்க."

"அப்ப நூல நீட்டிக் கட்டு."

"நீட்டுனா சிக்னலு வுட்டுப்பூடும். நூலு நீள வேணாம். நீங்க ஏறுங்க."

மிச்சம் இருந்தது ஒரே பேட்டரி. நடுவழி மண்டபம் இருநூறாவது படியில். கோதண்டபாணி ஏறினார். முப்பது படிக்கு ஒருதரம் முருகனைத் திட்டினார். உட்கார்ந்தபோதெல்லாம் காந்தா முதுகில் தள்ளினாள். மண்டபம் சேர்ந்து, மூச்சு திரும்பியபின் ஹெலிகாப்டரை விட்டார். குடும்பம் மறுபடி படியேறியது. அதே ஐந்து புடவை. இந்தத் தடவை அண்ணாந்து சிரித்த பிரியதர்ஷினி, படிவளைவு, கீழே வயல் எல்லாம் விழுந்தன.

பரமசிவம் இரண்டு முறை பார்த்தார்.

"சரி மாமா, நீயே எடு. ஆனா தாலி கட்றது உச்சியில. முகூர்த்தம் காலைல ஆறு மணி. மூணுக்கே ஏற ஆரம்பிச்சிரு. உன்னத் தூக்கினு வர நாதஸ்வரக்காரங்கள அனுப்ப முடியாது."

கோதண்டபாணி மேலே பார்த்தார். இன்னும் இருநூற்றிருபது படி.